கால் வரவில்லை

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

ரவை எழுதுகிறேன். இங்கே நலம். உங்கள் காதும் அம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? போனில் கூப்பிட்டால் மில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "ஆங்? ஆங்?" என்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

ஆய்வகம் மூன்றாவது மாடியில். ஜன்னலோரம் எனக்கு ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்டூல். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், நான் ஆராயப்போவது உங்கள் பரம விரோதியை. மாவு வண்டு! சுவர் முழுக்க ஜாடி, ஜாடி முழுக்க மாவு, மாவு முழுக்க வண்டு.

முட்டைக்குள் கரு வளரும்போது எங்கே கால் முளைக்க வேண்டும் என்று சொல்கிற ஜீன்கள் உண்டு. எங்கள் வண்டுகளில் அதில் ஒன்று பழுது. எந்த ஜீனும் இரண்டு பிரதியாக இருக்கும், அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒரு பிரதி கெட்டால் மற்றது சமாளித்துவிடும். இரண்டும் கெட்டால் பிறக்கிற புழுவுக்குக் கால் இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் குமிழ்தான் இருக்கும். ஒரு பிரதி கெட்ட ஆணையும் பெண்ணையும் சேர்த்தால், நாலு முட்டைக்கு ஒன்று அப்படி வரும். அதாவது, கால் பங்குக்குக் கால் இல்லை! இந்தக் கால் பங்கைச் சரியாக எண்ணிக் காட்டினால்தான் ஜூலையில் ஆய்வுக் குழு என்னைத் தொடர விடும்.

ஜாடிகளுக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். நாளெல்லாம் மாவு சலிப்பதால் எல்லோரும் அவரைச் 'சல்லடை' என்கிறார்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்.

மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

உங்கள் ரவை

•

ஜனவரி 28

மாவு மண்டலாதிபதி, மூட்டைகளின் முடிசூடிய மன்னன், உன் அம்மாவுக்கு ஒரே தம்பி எழுதும் திருமுகம்.

ரவைக்கண்ணே, நூறு வயது இரு. இங்கே நான் சுகம், இயந்திரம் சுகம், அக்காவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை.

ஊரைவிட்டு ஊர் போய், மூன்று மாடி ஏறி, நீ வண்டா வளர்க்கிறாய்? அந்த ஜென்மங்களோடு நான் நடத்திய யுத்தம் உனக்குத் தெரியாததா? ஒரு வருடம் அவை ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தே போயின. நான் பின்னால் ஓடிப்போய் ரசீதில் கையெழுத்து வாங்கி வந்தேன்.

உன் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஜீன்னா கால்சட்டைதானே, காலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு துணிக்கடைக்காரனே சொல்வானே" என்றேன். "அது உடம்புக்குள்ள இருக்கறதுடா" என்றாள். "கால்சட்டைக்குள்ளயும் உடம்புதானேக்கா இருக்கு?" என்றேன். கரண்டி பறந்து வந்தது. குறி தப்பவில்லை.

அது கிடக்கட்டும். யார் அந்தச் சல்லடை? என் மில்லில் முப்பது சல்லடை ஆணியில் தொங்குகிறது. அதில் ஒன்றாவது என்னைக் கேட்காமல் உனக்குப் பாடம் எடுத்ததுண்டா? இந்த வீட்டுப் பெண்ணுக்கு மாவு சலிக்க வெளியாள் சொல்லிக்கொடுப்பதா! மீனுக்கு நீச்சல் வாத்தியாரா! சும்மா கேட்டேன். எனக்கு ஒன்றுமில்லை.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

மாமா

•

பிப்ரவரி 16

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். சளி இல்லை. கரண்டி பட்ட இடம் ஆறிவிட்டதா?

இன்னொரு அதிசயம் சொல்கிறேன். புழுவின் உடம்பு கட்டுக் கட்டாக இருக்கும். மார்புக் கட்டு மூன்றில் மட்டும்தான் கால். வயிற்றுக் கட்டுகளில் ஏன் இல்லை தெரியுமா? அங்கேயும் முளைக்கத்தான் பார்க்கும். "இங்கே முளைக்காதே" என்று வேறு ஜீன்கள் அதட்டி உட்காரவைக்கின்றன. அந்த அதட்டல் இல்லாமல் போனால் வயிற்றிலும் வரிசையாகக் கால் முளைக்கும். சல்லடை மைக்ராஸ்கோப்பில் காட்டினான். ஒன்று விடாமல் இரண்டு முறை எண்ணினேன்.

எங்கள் வண்டுகளுக்கு வெள்ளைக் கண். வெளியே திரிகிற வண்டுக்குக் கறுப்புக் கண். இரண்டும் கலந்தால் பிறப்பதெல்லாம் கறுப்புக் கண்ணாகிவிடும். அதனால் இங்கே வெளிவண்டு என்றால் திருடன் வந்த மாதிரி பயம்.

அப்புறம், நான் சல்லடையைக் குலுக்குவது தப்பாம். சுழற்ற வேண்டுமாம்.

"இப்படிக் குலுக்கினா முட்டை என்னத்துக்கு ஆகும்? யாரு கத்துக்கொடுத்தது?"

"எங்க மாமா."

"உங்க மாமா மாவு சலிக்கிறாரா, கிலுகிலுப்பை ஆட்டுறாரா?"

சிரித்துச் சிரித்து என் கையிலிருந்த மாவெல்லாம் தரையில். ஆனால் அவன் சொன்னது சரிதான் மாமா, சுழற்றினால் முட்டை உடைவதில்லை.

இங்கே கடை மாவு திரிதிரியாக இருக்கிறது. நல்ல மாவு வர ஒரு மாதம் ஆகுமாம். அம்மாவுக்கு என் முத்தங்கள்.

ரவை

•

மார்ச் 5

கிலுகிலுப்பை மன்னன் எழுதுவது.

ரவைக்கு ஆசிகள். உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கும்.

உன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் 'சொல்லிக்கொடுக்கிறார்'. பிப்ரவரியில் 'காட்டினான்'. 'ர்' எங்கே போயிற்று? ஐந்து வாரத்தில் ஒரு 'ர்' ஆவியாகி, அந்த இடத்தில் ஒரு 'ன்' கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இருபத்தாறு வருடமாக என்னை நீ 'நீங்கள்', 'வாங்க', 'போங்க' என்கிறாய். தோளில் தூக்கிச் சுமந்த இந்தக் கிழவனுக்கு ஒரு 'ன்' கிடைத்ததா? ஒரு மாவுப் பொறுக்கிக்குக் கிடைத்திருக்கிறது. நடக்கட்டும்.

கடை மாவு திரிதிரியா? நான் உயிரோடு இருக்கும்போதா? இன்றைக்கே ஐந்து கிலோ அனுப்பியிருக்கிறேன். கல்லைக் கொத்தி, இயந்திரத்தைக் குளிப்பாட்டி, என் கையால் அரைத்த மாவு. இந்த மாவைப் பார்த்தால் நிலா வெட்கப்பட்டு மேகத்துக்குள் போய்விடும். இதைச் சூடு காட்டாதே, குளிர் காட்டாதே, பதம் போய்விடும். வண்டு, முட்டை, புழு எதுவும் இதில் இல்லை என்று நாற்பது வருட மில்காரனாகிய நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

உன் சல்லடை அவ்வளவு கெட்டிக்காரனென்றால் அவனே சலித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

மாமா (கையெழுத்து, மில் முத்திரையுடன்)

•

மார்ச் 22

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். சாப்பாடு இறங்குகிறதா? உங்களுக்கு ஒரு 'ன்' வேண்டுமா? மாமன் அனுப்பினான், மாவு வந்து சேர்ந்தது. போதுமா? எழுதும்போதே கை கூசுகிறது.

பொட்டலம் பிரித்ததும் ஆய்வகமே கூடிவிட்டது. வெளியிலிருந்து எந்த மாவு வந்தாலும் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, அதைப் பதிவேட்டில் எழுதி, சல்லடை கையெழுத்துப் போட வேண்டும். அது விதி. உங்கள் கடிதத்தை அவனிடம் காட்டினேன்.

"முத்திரையெல்லாம் வெச்சிருக்காரே!"

"எங்க மாமா சொன்னா சொன்னதுதான். குளிர்ல வைக்கக் கூடாதுன்னா கூடாது."

என் முகத்தைப் பார்த்தான். "சரி, மாமா வாக்கு" என்று சொல்லி, ஃப்ரீசர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அன்று மதியம் ஐந்து கிலோவையும் தானே சலிப்பதாகச் சொல்லி எடுத்துப் போனான். மறுநாளே எண்ணிக்கைக்கான தாய் வண்டுகளை உங்கள் மாவில் விட்டோம்.

எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ரவை

•

ஏப்ரல் 30

மாமாவுக்கு,

நலம்தானே? இங்கே வேலை நெருக்கடி. நானூறு முட்டை எண்ணி முடித்தோம். இந்த முறை கால் வரவில்லை. எங்கள் பேராசிரியை அம்மா கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

ரவை

•

மே 9

வெற்றி! வெற்றி! திக்கெட்டும் வெற்றி!

ரவைக்கண்ணே, உன் கடிதம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினேன். நாற்பது வருடத்தில் மின்வெட்டுக்கு அடுத்தபடியாக அதை நிறுத்தியது உன் கடிதம்தான். வரிசையில் நின்றவர்களிடம் "எங்க பொண்ணுக்குக் கால் வரலை!" என்று அறிவித்தேன். ஒரு அம்மாள், "ஐயோ, எந்த ஆஸ்பத்திரி?" என்று அழுதேவிட்டாள். விளக்கிச் சொல்ல அரை மணி ஆயிற்று. விளக்கிய பிறகும் அழுதாள்.

அக்காதான் சந்தேகப் பேர்வழி. "கால் வரலைன்னா நல்லதாடா, கெட்டதாடா?"

"அவளுக்கு வேண்டியதே கால் இல்லாத புழுதான்க்கா. கடிதத்தைப் படி! இந்த முறை ஒண்ணுக்குக்கூடக் கால் வரலை. எல்லாம் என் மாவோட மகிமை."

ஆகவே இந்த வெற்றியைச் சல்லடைக்குப் பங்கு பிரிக்க வேண்டாம். அவனால் கால் பங்குதான் முடிந்தது, என் மாவுக்கு முழுப் பங்கு!

ஆமாம், மாவைச் சலித்தபோது அவன் கண்ணில் ஏதாவது விசேஷமாகப் பட்டதா? ஒன்றுமே சொல்லவில்லையா? சும்மாதான் கேட்கிறேன். பட்டிருக்காது. அவன் சுழற்றுகிறவன் ஆயிற்றே.

வேளைக்குச் சாப்பிடு, இளைத்துவிடாதே.

உலகப்புகழ் மாமா

•

மே 27

மாமாவுக்கு,

உங்கள் உடம்பும் அம்மா உடம்பும் சௌக்கியமா? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல்முறை சிரித்தேன்.

நான் எழுதிய கால் வேறு, நீங்கள் படித்த கால் வேறு. வர வேண்டியது கால் பங்கு. நானூறில் நூறு புழு கால் இல்லாமல் வந்திருக்க வேண்டும். முப்பத்தெட்டுதான் வந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் கால் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

கூடப் பிறந்தவற்றை வளர்த்துப் பார்த்தோம். இந்த வாரம் வண்டாகி வெளியே வந்தன. பாதிக்கு மேல் கறுப்புக் கண். தாய் ஜாடியை மறுபடி சலித்தபோது, அடியில் எங்கள் வெள்ளைக் கண்காரிகளுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கண் ஆண் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பேராசிரியை அம்மா பதிவேட்டை எடுத்தார்கள். ஃப்ரீசரில் வைத்ததாகச் சல்லடை அவர்களின் கையெழுத்து. ஃப்ரீசரின் தனிக் குறிப்பில் அந்த வாரம் மாவே இல்லை. பொய்க் கையெழுத்து என்றாகிவிட்டது. ஜூன் முப்பதாம் தேதி வரை அவருக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும். அவர் வாயே திறக்கவில்லை. "நான்தான் வேண்டாம் என்றேன்" என்று பேராசிரியை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "கையெழுத்து உன்னுடையதா?" என்று கேட்டார்கள்.

என் எண்ணிக்கையும் போயிற்று. அது பரவாயில்லை.

மாமா, நீங்கள் அனுப்பிய மாவில் வண்டு இல்லைதானே? ஒரே ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நம்புவேன்.

ரவை

•

ஜூன் 6

ரவைக்கு,

ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். நல்ல மழை. இயந்திரத்துப் பெல்ட் அறுந்து, புதுப் பெல்ட் போட்டேன். பழைய பெல்ட்டை நீட்டி வைத்திருந்தால் உன் ஆய்வகம் வரைக்கும் வந்திருக்கும். அக்கா இப்போது மாடிப்படி ஏறுகிறாள். மில் கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்தேன். கூரை ஓட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது, நாலு. நாலுக்கும் கால் இருக்கிறது.

அந்தப் பையன் அவனாக ஏதாவது தப்புச் செய்திருப்பான். பெரிய இடத்தில் இதெல்லாம் சகஜம்.

பேனாவில் மை தீருகிறது. மற்றவை அடுத்த கடிதத்தில்.

மாமா

•

ஜூன் 20

பெருமதிப்புக்குரிய பேராசிரியை அம்மாவுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும். தங்களிடம் வேலை பார்க்கும் ரவைக்குத் தாய்மாமன் நான். மாவு மில் வைத்திருக்கிறேன். வழக்கமாகப் பட்டங்கள் போட்டுக்கொண்டுதான் கடிதம் தொடங்குவேன். இன்று ஒன்றும் பொருந்தவில்லை.

அந்த மாவில் ஒன்பது வண்டு இருந்தது. தானாக வரவில்லை. நான் போட்டேன். என் மில்லில் வண்டு கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றுகிறவன், மூலையில் கிடந்த பழைய சாக்கை உதறி, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் போட்டேன். போட்ட கையோடு, வண்டு இல்லை என்று எழுதி முத்திரையும் வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சல்லடை என்று ஒருவர் என்னைவிட நன்றாகச் சலிக்கிறாராம். என்னைக் கிலுகிலுப்பை என்றாராம். அதற்கு என் ரவை சிரித்தாளாம். அவ்வளவு கெட்டிக்காரர் இதைப் பிடிக்கட்டும் பார்ப்போம், பிடிக்கத் தெரியாமல் விழிக்கட்டும், ரவை அவரைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். ஜாடிக்குள் அது குடும்பம் நடத்தும், ஒருவருடைய வேலைக்கு உலை வைக்கும் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் போட்டிருப்பேனோ என்று பதினாலு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வயிற்றில் கால் முளைக்காமல் அதட்டி வைக்கும் ஜீன் ஒன்று உண்டு என்று அவள் எழுதினாள். எனக்கு அது பழுது போலிருக்கிறது. என் வயிற்றெரிச்சலுக்குக் கால் முளைத்து, ஐந்து கிலோ மாவோடு உங்கள் மூன்றாவது மாடி வரைக்கும் நடந்து வந்துவிட்டது.

அவர் பொய்க் கையெழுத்துப் போட்டது என் முத்திரையை நம்பியவளுக்காக. ரவை என்னை ஒரு வரி கேட்டாள். நான் பூனைக்குட்டியைப் பற்றி எழுதினேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் இல்லை.

இந்தக் கடிதத்தை அவளும் படிக்கலாம். அவரும் படிக்கலாம். என்ன தண்டனை என்றாலும் எனக்கு எழுதுங்கள்.

பணிவுடன்,
மில்காரன்

•

ஜூலை 4

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கும் ரவையின் அம்மாவுக்கும் உடல்நலம் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். நான் சல்லடை எழுதுகிறேன். வேலை போகவில்லை. எழுத்தில் ஒரு கண்டிப்பும், ஆறு மாதத்துக்குப் பதிவேட்டைத் தொடக் கூடாது என்ற உத்தரவும் கிடைத்தன. ரவைக்கு ஆய்வுக் குழு அக்டோபர் வரை நேரம் கொடுத்திருக்கிறது. முதலிலிருந்து எண்ணுகிறாள்.

உங்கள் கடிதத்தைப் பேராசிரியை அம்மா எங்கள் இருவருக்கும் வாசிக்கக் கொடுத்தார்கள். அதில் ஒன்பது என்று இருந்ததைப் பார்த்ததும் அந்த வரியை மறுபடி படித்தேன்.

நான் எட்டுப் பிடித்தேன், மாமா.

பொட்டலம் வந்த அன்று மதியமே பிடித்துவிட்டேன். எட்டும் உயிரோடு, கறுப்புக் கண்ணோடு. நுண்சல்லடையில் போட்டு முட்டையையும் பிரித்தேன். ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும். வைத்தால் அவள் ஏன் என்று கேட்பாள், வண்டு என்று சொல்ல வேண்டி வரும். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற முகம் எனக்கு ஞாபகம் வந்தது. எட்டோடு முடிந்தது என்று நானே முடிவு செய்துவிட்டேன். ஆகவே எட்டு உங்கள் தப்பு, ஒன்பதாவது என் தப்பு.

இதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். "எட்டு பிடிச்ச அன்னிக்கே ஏன் சொல்லலை? ஆளாளுக்கு என்னைக் காப்பாத்தறீங்களா?" என்று கேட்டாள். இப்போது உங்களோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. மாவோடு மட்டும் பேசுகிறாள். சல்லடையைக் குலுக்கித்தான் சலிக்கிறாள், வேண்டுமென்றே.

அந்த எட்டையும் நான் கொல்லவில்லை. கடைசி அலமாரியில் தனி ஜாடியில் இருக்கின்றன. இப்போது முந்நூறு இருக்கும், எல்லாம் நல்ல திடகாத்திரம். ஒவ்வொரு ஜாடிக்கும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்பது விதி. மார்ச் மாதமே 'மாமா' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
சல்லடை

•

ஜூலை 13

தம்பி சல்லடைக்கு,

சுகம். அக்கா சுகம். பூனைக்குட்டிகள் கூரையெல்லாம் ஓடுகின்றன.

உங்கள் கடிதத்தை மில்லில் நின்று படித்தேன். எட்டு என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாவு மூட்டை என்று நினைத்து உட்கார்ந்தது தவிட்டு மூட்டை, இடுப்புவரை உள்ளே போய்விட்டேன். நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அக்கா விஷயத்தைக் கேட்டு, "அந்தப் பையன் உன்னைக் காட்டிக்கொடுக்காம இருந்திருக்கான், நீ அவனைப் பத்தி என்னடா எழுதினே?" என்றாள். இந்த முறை கரண்டி வரவில்லை. வந்திருக்கலாம்.

நாற்பது வருடமாகச் சலிக்கிறேன். ஐந்து கிலோ மாவில் ஒன்பதுக்கு எட்டு என் கைக்குச் சிக்காது. ஆறு சிக்கும். ஏழு என்று வெளியே சொல்லிக்கொள்வேன். சுழற்றுவது எப்படி என்று ஒரு தாளில் படம் போட்டு அனுப்புங்கள். யாருக்கும் தெரிய வேண்டாம்.

அவள் முகத்துக்காக ஒருவர் எட்டு வண்டை மறைத்தார், ஒருவர் ஒன்பதைப் போட்டார். நினைக்க நினைக்க எனக்கு இன்னமும் எரிகிறது. அதை மறைக்கவில்லை.

அந்த முந்நூறு பேருக்கும் நல்ல மாவு வேண்டும். கடை மாவைப் போட்டு என் பெயரைக் கெடுக்காதீர்கள். இன்று ஐந்து கிலோ அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்தின் மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறேன்: 'ஒரு வாரம் ஃப்ரீசரில் வைக்கவும். அனுப்பியவன் பேச்சை நம்ப வேண்டாம்.'

வேளைக்குச் சாப்பிடுங்கள். அவளையும் சாப்பிடச் சொல்லுங்கள்.

மாமா

பி.கு.: மே மாதக் கடிதத்தில் அவள் உங்களைச் 'சல்லடை அவர்கள்' என்று எழுதியிருந்தாள். பார்த்தேன். அன்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் பேச ஆரம்பித்ததும் சொல்லுங்கள், எனக்கு எழுதும்போது உங்களுக்கு 'ர்' எல்லாம் வேண்டாம், 'ன்' என்றே எழுதட்டும். பழகிக்கொள்கிறேன். மெதுவாக.